பூட்டு சாருக்கு வந்த நோய்

அவரைத் தெருவில் எல்லோரும் பூட்டு சார் என்பார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவறையில் வேலை. வந்துபோன நோயாளிகளின் கோப்புகளெல்லாம் அங்கே இரும்பு அலமாரிகளில் கூரைவரை அடுக்கியிருக்கும். டாக்டர் கேட்டால் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தால் தூசி தட்டி, நாடாவை இழுத்துக் கட்டி, எடுத்த இடத்திலேயே செருக வேண்டும். கோப்பில் உள்ளது வெளியே போகக் கூடாது என்பது விதி. மருத்துவமனையில் எல்லோருமே அந்த விதியைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். நம்பியவர் இவர் ஒருவர்.

கோப்பின் மேலட்டையில் எண்ணும் பெயரும் அடுத்தடுத்து இருக்கும். எண்ணைப் பார்க்கும்போது பெயர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று இடது உள்ளங்கையால் பெயரை மூடிக்கொள்வார். செய்து செய்து அது கைக்கு ஊறிப்போயிற்று. வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடப் பெயர்களை மூடிக்கொண்டு தேதியையும் மண்டபத்தையும் மட்டும் படிப்பார். யாருக்குக் கல்யாணம் என்பதை மனைவியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடமிருந்துதான் தெரு தன் நோய்களையெல்லாம் தெரிந்துகொண்டது.

அது நடந்த விதம் இப்படி. எவ்வளவுதான் கையால் மூடினாலும், தெருக்காரர்களுக்கு அருகில் இருந்தது அந்த ஒரே மருத்துவமனை. ஏதோ ஒரு நேரத்தில் ஏதோ ஒரு பெயர் விரலிடுக்கில் தெரிந்துவிடும். தெரிந்த விஷயத்தைத் தெரியாதது போலக் கேட்பது பொய் என்பது பூட்டு சாரின் கொள்கை. ஆகையால் யாருடைய கோப்பு கண்ணில் பட்டதோ அவரை மறுநாள் தெருவில் பார்த்தால், “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்க மாட்டார். அதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் மரியாதை இல்லை. யோசித்து, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

“வீட்ல தண்ணி வருதா?”

முனைக்கடை டெய்லர்தான் இதை முதலில் கவனித்தவர். நோய் இல்லாதவர்களிடம் சார் நலம் விசாரிக்கிறார், நோய் உள்ளவர்களிடம் தண்ணீர் விசாரிக்கிறார். விஷயம் பரவ அதிக நாள் பிடிக்கவில்லை. ஒரு வீட்டைப் பற்றிச் சந்தேகம் வந்தால், “சார் தண்ணி கேட்டாரா?” என்று பக்கத்து வீட்டில் விசாரித்தால் போதும். இதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரியும், சாரைத் தவிர. அவரிடம் சொல்லி அவரைத் திருத்திவிட்டால் நஷ்டம் யாருக்கு?

ஒருமுறை நிஜமாகவே சார் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. வாசலில் நின்றிருந்த ரிடையர்டு கண்டக்டரைப் பார்த்து, அப்பாவியாக, “உங்க வீட்ல தண்ணி வருதா?” என்றார். கண்டக்டர் முகம் வெளுத்தது. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் திட்டி அனுப்பினார். ஆனால் இப்போது அவர் பெயரில் ஒரு கோப்பு உண்டாகிவிட்டது. அது பதிவறைக்கு வந்தது. அடுத்த முறை பார்த்தபோது, கொள்கைப்படி, பூட்டு சார் மறுபடியும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். கண்டக்டர் படுத்த படுக்கையாகிவிட்டார்.

சாரின் மனைவி வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்தினார். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, சுவரில் எந்தப் பெண்ணுக்கும் அமையாத தலைமுடியோடு ஒரு பெண்ணின் படம். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் மட்டும்தான் அவர் வாயிலிருந்து செய்தி எதுவும் வராது. கெட்ட எண்ணம் துளிகூட இல்லாதவர். செய்தி என்பது சமைத்த சாப்பாடு மாதிரி, வைத்திருந்தால் வீணாகிவிடும் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஒருவர் எதையும் சொல்லாமலும் ஒருவர் எல்லாவற்றையும் சொல்லியும் அந்தக் குடும்பம் சராசரியில் மற்ற குடும்பங்களைப் போலவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், இருபத்திரண்டு வயது. கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் பயிற்சியில் இருந்தாள். கோடு போடுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. அந்தக் கோடுகளை வீடு கட்டுகிறவரிடம் எழுந்து நின்று விளக்கச் சொன்னால்தான் வந்தது வினை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், செத்துவிடப் போகிறோம் என்றே தோன்றும். இரண்டு முறை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரன் அவள் வரைபடத்தை அவளுக்காக விளக்கினான், தவறாக. முதலாளி நல்லவர். கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: வாயைத் திறக்க முடியாதவர்களை வேலையில் நிரந்தரமாக்க அவரால் முடியாது, வருஷக் கடைசிக்குள் ஒரு வழி பண்ணிக்கொள்ள வேண்டும்.

அவள் வழி பண்ணிக்கொண்டாள். நகரத்தின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், மனநல டாக்டர் ஒருவரைத் தேடிப் பிடித்தாள். அப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கோப்பு அப்பாவின் அலமாரிக்கே வந்திருக்கும். அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த புருவம் முடிவதற்குள் தெருவுக்குத் தெரியும். தெருவிலிருந்து அலுவலகம் எவ்வளவு தூரம்? எனவே வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொன்னாள். கிளினிக்கில் தன் நம்பரையே கொடுத்தாள். எல்லாம் கச்சிதம். வரவேற்பில் இருந்த பெண் மட்டும், “இன்ஷூரன்ஸ் இருக்கா?” என்று கேட்டாள். பயிற்சிக்காரர்களுக்கு அலுவலகம் தருவது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. அப்பாவின் வேலையோடு வந்த காப்பீட்டில் மனைவிக்கும், இருபத்தைந்து வயதுவரை பிள்ளைக்கும் இடம் உண்டு. அட்டையில் அவள் படமும் பெயரும் இருந்தன. அவள் அட்டையை நீட்டினாள். அட்டை அவளுடையது என்றாலும் அதற்கு வாய் இருந்தது அப்பாவின் சட்டைப்பையில் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஏணியின் உச்சியில் நின்றிருந்த பூட்டு சாரின் சட்டைப்பை அதிர்ந்தது. ‘அன்புள்ள பாலிசிதாரரே, மனநல மருத்துவப் பிரிவில் பெற்ற ஆலோசனைக்கான தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.’

பெயர் எதுவும் இல்லாததால் மூடுவதற்கு ஒன்றுமில்லை. முழுவதையும் படித்துவிட்டார்.

பாலிசியில் இருப்பது மூன்று பேர். தான் போகவில்லை என்பது அவருக்கு ஓரளவு நிச்சயம். மனைவி போயிருந்தால் டாக்டர் சொன்னது இந்நேரம் பால்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஏணியிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மகள் வந்தாள். வழக்கமாக அவள் செருப்பைக் கழற்றும்போதே, “என்னம்மா, நல்லா இருக்கியா, ஏன் முகம் வாடியிருக்கு?” என்பார். அன்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, சிறிது தயங்கி, கேட்டார்.

“மாடித் தொட்டில தண்ணி இருக்காம்மா?”

அவள் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். கழற்றிய செருப்பு கையிலேயே இருந்தது.

அடுத்த நாள் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அக்கறையோடு எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு அவள் பக்கம் நியாயம் இருப்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

“எனக்கு இருபத்திரண்டு வயசு ஆகுது. என் விஷயம் என் நம்பருக்குத்தானே வரணும்?”

“கண்டிப்பா. இந்த ஃபாரத்துல பாலிசிதாரர் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், உங்க நம்பருக்கே வந்துடும்.”

“பாலிசிதாரர் எங்க அப்பா. அவருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்.”

“புரியுதும்மா. அப்ப அவருக்குத் தெரியாம அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

அவர் கிண்டல் செய்யவில்லை. விதி அப்படி இருந்தது, அதை அவர் எடுத்துச் சொன்னார். போகிறவளைக் கூப்பிட்டு ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார்.

“ரகசிய விஷயத்துல எங்க கம்பெனி ரொம்ப ஸ்ட்ரிக்ட். மெசேஜ்ல நோயாளி பேரைக்கூடப் போடுறதில்ல.”

“வீட்ல மொத்தமே மூணு பேர்தான் சார்.”

“அது உங்க வீட்டு நிலவரம்மா.”

அவள் ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் கிளினிக்குக்குப் போகவில்லை. இனிப் போவதில்லை என்றும் முடிவு செய்தாள். டாக்டர் சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியையும் விட்டாள். வருஷக் கடைசி அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இங்கே பூட்டு சார் அந்த மெசேஜை என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அழித்திருப்பார்கள். பதிவறை மனிதரின் அகராதியில் ஆவணத்தை அழிப்பதை விடப் பெரிய பாவம் கிடையாது. கரையான் அரித்த கோப்பைக்கூட அரித்தது போக மிச்சத்தை நாடா கட்டி வைத்திருக்கிறவர். ஆகவே மெசேஜை வைத்துக்கொண்டு, முதல்முறையாகப் போனுக்குப் பூட்டுப் போட்டார். பூட்டுக்கு எண் வேண்டுமே? தன் ஊழியர் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணை அவர் தன் குடையிலும் சாப்பாட்டுப் பெட்டியிலும் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்.

மனைவியின் போன் சார்ஜில் கிடந்த ஒரு மாலை, அவர் கணவரின் போனை எடுத்தார். பூட்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பீரோவைத் தவிர வேறெதுவும் பூட்டப்பட்டதில்லை. வேறு பெண் யாராவது இருப்பாளோ என்று ஒரு கணம் நினைத்தார். இந்த மனுஷனிடம் அவள் என்ன பேசுவாள் என்று அடுத்த கணமே அந்த எண்ணத்தை விட்டார். சாப்பாட்டுப் பெட்டி சமையல் மேடையில் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்து எண்ணைப் போட்டார்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது போன் தட்டுகளுக்கு நடுவில் வைக்கப்பட்டது.

“என்னங்க இது?”

மகள் ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். காது சூடாகி, நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் வருவதே இங்கேயும் வந்தது, எதிரில் வீடு கட்டுகிறவர் யாரும் இல்லாமலே. இருந்தும் வாயைத் திறந்தாள்.

“அம்மா, அது வந்து...”

“எனக்குத்தான்,” என்றார் பூட்டு சார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொய்க்குப் பயந்து தண்ணீரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே அதைச் சொன்னார்.

“உங்களுக்கா? உங்களுக்கு என்ன?”

“டாக்டர் பாத்துக்கிட்டிருக்கார்.”

“என்ன பண்ணுதுன்னு போனீங்க?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மகளைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். “அதைத்தான் கண்டுபிடிச்சிட்டிருக்காங்க,” என்றார்.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை சீக்கிரமே முடிந்து ஒரு தெளிவு வந்தது.

“எனக்கு அப்பவே சந்தேகம். கல்யாணப் பத்திரிகையைக் கையால மூடிக்கிட்டுப் படிக்கிற மனுஷன் எப்படிங்க சரியா இருக்க முடியும்?”

அதற்குப் பிறகு நடந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு புருவத்துக்கும் ஒருமுறை, “வெளிய சொல்லிடாதீங்க” என்ற எச்சரிக்கையோடு, செய்தி போனது. முதலில் டெய்லர்தான் வழிமறித்தார். தையல் மெஷினை நிறுத்தி, எழுந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சார், வீட்ல தண்ணி வருதா?”

“வருதே,” என்றார் சார்.

பேப்பர் கடைக்காரர் கேட்டார். இஸ்திரி போடுகிறவர் கேட்டார். எதிர்வீட்டு மாமி மாடியிலிருந்து கேட்டார். கண்டக்டர் தடியை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை கேட்டார். அவர் குரலில் இருந்த திருப்தியை மறைக்க அவர் முயலவில்லை. நகராட்சியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சார் வேலைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியிலும் செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. மேலதிகாரி உட்காரச் சொன்னார், அதுவே புதிது. இனி ஏணியில் ஏற வேண்டாம், கீழ்த்தட்டுக் கோப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். கீழ்த்தட்டில் இருந்தவை இறந்தவர்களின் கோப்புகள். அவர்களைத் தெருவில் சந்திக்க நேராது என்பதால் சாருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

மனைவி இதற்குள் நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரிடமும் கருத்துக் கேட்டிருந்தார். இந்த மாதிரி வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்று ஒருவர் சொன்னார். ஆண்பிள்ளைகள் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்கில் போய் உட்கார்ந்துவிடுவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் மனதில் தைத்தன. மகளைக் கூப்பிட்டார்.

“உன் ட்ரெயினிங் கிளாஸ் கிடக்கட்டும்டி. வாராவாரம் அப்பாவை நீ கூட்டிட்டுப் போ. நிஜமா உள்ள போறாரான்னு கண்ணால பாத்துட்டு வா.”

இல்லாத வகுப்பை விட்டுவிட்டு, அந்த வகுப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு போன இடத்துக்கே போகச் சொல்லி, அம்மாவே அவளை அனுப்பினார். மறுத்துப் பேச அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

போகும்போது இரண்டு பஸ்ஸிலும் மகள் ஏறிய பிறகே அப்பா ஏறினார். இரண்டாவது பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நோயாளி அவர் என்பதால் கேட்கவும் முடியாது. அவள் எழுந்தாள், அவரும் எழுந்தார்.

கிளினிக் ஒரு மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மீன் தொட்டி, பல் துலக்குவது எப்படி என்று ஒரு சுவரொட்டி. இடத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வரவேற்புப் பெண் மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

“போன வாரம் வரலையே?”

பூட்டு சார் உடனே சுவரொட்டியின் பக்கம் திரும்பிக் கீழ்ப்பல் வரிசையை ஊன்றிப் படித்தார்.

“நீங்க சார்?”

“துணைக்கு,” என்றார் திரும்பாமலே.

உள்ளறைக் கதவு திறந்து, கையில் காகிதத்தோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். பெயர் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் சார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மகளுக்கு அவரே தேடித் தேடி வைத்த பெயர்தான் அது. மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, பக்கத்து நாற்காலி காலியானது ஓரக்கண்ணில் தெரிந்த பிறகுதான் கையை எடுத்தார். அங்கே காத்திருந்தவர்களில் அவரைத்தான் எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். கொஞ்ச தூரம் போனதும் அவர் சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்துப் படிக்காமல், எழுத்து கீழே இருக்கும்படி, அப்படியே அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். ‘விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.’ பையைத் திறந்து மடித்து வைத்திருந்த ஃபாரத்தை எடுத்தாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கப்பா. இனிமே மெசேஜ் என் நம்பருக்கு வரும்.”

அவர் உள்ளங்கையால் மேல்பாதியை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடத் தொடங்கினார். பேனா காகிதத்தைத் தொட்ட பிறகு நின்றது.

“மெசேஜ் என் போனுக்கு வரலைன்னா, நான் டாக்டர்கிட்ட போகலைன்னு உங்கம்மா நினைச்சுப்பாளே.”

அவள் யோசித்தாள். அம்மா இப்போது தினமும் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்க்காமலே அந்த எண்ணைப் போடப் பழகிவிட்டார். ரகசியம் காப்பாற்றப்பட வேண்டுமானால் மெசேஜ் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஃபாரம் மறுபடியும் பைக்குள் போயிற்று.

“இன்னொண்ணு கேக்கணும்,” என்றார். “தெருவுல ஏன் எல்லாரும் என்கிட்ட தண்ணியைப் பத்தியே கேக்குறாங்க?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள், டெய்லர் கண்டுபிடித்ததிலிருந்து கண்டக்டர் படுத்ததுவரை. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, இருவரை இறக்கி, மறுபடியும் புறப்பட்டது.

“அப்ப இத்தனை வருஷமா நானே ஊருக்குச் சொல்லிட்டிருந்திருக்கேன்.”

“நீங்க ஒண்ணுமே சொல்லலப்பா. அதுலதான் தெரிஞ்சுது.”

இதைக் கேட்ட பிறகு சாதாரணமாக ஒருவர் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வார். பூட்டு சார் வேறு வழியில் போனார்; போக வேண்டியிருந்தது. வீடு நெருங்கிக்கொண்டிருந்தது.

“உங்கம்மா கேப்பா, டாக்டர் என்ன சொன்னார்னு. நான் என்ன சொல்றது?”

அவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்துப் படிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

“உங்களுக்கு நாலு பேர் முன்னாடி பேசணும்னா நெஞ்சு அடிச்சுக்குதாம்.”

“எனக்கா?” என்று ஆரம்பித்தவர், “சரி,” என்றார். “ரொம்பவா?”

“செத்துப் போயிடுவோம்னு தோணுமாம். ஆனா சாக மாட்டீங்களாம். டாக்டர் அதை ரெண்டு தரம் சொன்னார்.”

“எனக்கு எப்பலேர்ந்து இது இருக்கு?”

“காலேஜ் படிக்கும்போதுலேர்ந்துப்பா.”

அவர் தன் கல்லூரி நாட்களை நினைத்துப் பார்ப்பது போல நெற்றியைச் சுருக்கினார். அவர் கல்லூரிக்குப் போனதில்லை.

“அத்தனை நாளா நான் ஏன் வீட்ல யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிடுவாங்க. அப்பா தண்ணியைப் பத்திப் பேசுவாரு.”

பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். சார் தலையை ஆட்டிக்கொண்டார். நோயாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது போல.

“அதுக்கு என்ன பண்ணணுமாம்?”

“வரும்போது ஓடி ஒளியக் கூடாதாம். மூச்சை இழுக்கிறதைவிட மெல்ல விடணும். முதல்ல தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பேசிப் பழகணும். பயப்படாம சொல்ல முடியுற மாதிரி ஒருத்தர்.”

“அப்படி எனக்கு யாரு இருக்கா?”

“இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கீங்க.”

பஸ் அவர்கள் தெரு முனைக்குத் திரும்பியது. டெய்லர் கடை வெளிச்சம் தெரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. கைகள் இரண்டும் மடியில், விரித்தபடி, எதையும் மூடாமல் கிடந்தன.

“நான் நல்லாயிடுவேனாம்மா?”

“ஆயிடுவீங்களாம்ப்பா. கொஞ்ச நாள் ஆகுமாம்.”

இறங்கி நடந்தார்கள். டெய்லர் தலையைத் தூக்கினார். அவர் கேட்பதற்கு முன்பே சார், “வருது, வருது,” என்று சொல்லிவிட்டுக் கடந்தார்.

முன்னறையில் ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். மனைவி குனிந்து நூலைப் பல்லில் கடித்திருந்தார். பேச முடியாத நிலை. கண்ணால் மட்டும் கேட்டார்: போனாரா? என்ன சொன்னார்கள்? மகள், போனார் என்று தலையை ஆட்டினாள்.

பூட்டு சார் வாசற்படியிலேயே நின்று, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பாராமல், மனப்பாடம் செய்ததைச் சொன்னார்.

“நாலு பேர் முன்னாடி பேசறதுக்குப் பயமாம். சாக மாட்டேனாம். மூச்சை மெல்ல விடணுமாம்.”

நாற்காலியில் இருந்தவள் கண்ணைத் திறக்காமலே மூச்சை மெல்ல விட்டாள். மனைவி நூலை எடுத்தார்.

“அவ்வளவுதானா? அடுத்த வாரமும் வரச் சொன்னாரா?”

இதை அவர் மகளிடம் கேட்டு வைத்துக்கொள்ள மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தார்.

“வரச் சொன்னார்மா,” என்றாள் மகள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. “நானே கூட்டிட்டுப் போறேன்.”